சின்னப் பறக்கும் அணில்களைப் பாகுபடுத்தப் போகிறீர்களா? யாழ்ப்பாணத்தில் இருந்து தொடங்குபவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் பறக்கும் அணில் கிடையாது. வளவில் முருங்கையிலும் மதிலிலும் ஓடித்திரிகிற கோடு போட்ட அணில்தான் எங்களுக்குத் தெரிந்த அணில். அதனால் இங்கே இருந்துகொண்டு பறக்கும் அணில்களின் பாகுபாட்டை ஆய்வுத் தலைப்பாக எடுக்கிறவர்களுக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம். நான் இறுதி வருட ஆய்வுக்கு இதைத்தான் எடுத்தேன். முதல் வரைவு திரும்பி வந்தது, ஏனென்றால் என்னுடைய முதலாம் அட்டவணையில் இருந்த இன எண்ணிக்கையும் மூன்றாம் அட்டவணையில் இருந்ததும் ஒத்துப்போகவில்லை, அதோடு ஒரே விலங்கை இரண்டு பெயரில் இரண்டு தடவை எண்ணியிருந்தேன். அதைத் திருத்தவே ஆறு கிழமை போனது. அந்த ஆறு கிழமை உங்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் ஒரே ஒரு பட்டியலைப் பிடியுங்கள், திகதியோடு

விலங்கைப் பற்றிப் படிக்கத் தொடங்குவதற்கு முன்னால் எந்தப் பட்டியலின்படி எழுதப் போகிறீர்கள் என்று முடிவெடுங்கள். வில்சனும் ரீடரும் தொகுத்த 2005ஆம் ஆண்டுப் பாலூட்டிப் பட்டியலில் பறக்கும் அணில்கள் 15 சாதிகள் (சாதி என்றால் நெருங்கிய இனங்களின் கூட்டம்), 44 இனங்கள். இன்றைய பட்டியல்களில் இனங்கள் 50ஐத் தாண்டிவிட்டன. இரண்டுமே பிழையில்லை, இடையில் வேலை நடந்திருக்கிறது. 2017இல் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் இருப்பவற்றை மரபணுவை வைத்துத் தனி இனமாகப் பிரித்தார்கள். அதுவரை இரண்டு இனம் என்று எல்லாப் புத்தகத்திலும் இருந்த குளோகோமிஸ் சாதி அன்றிலிருந்து மூன்று இனம். 2021இல் கிழக்கு இமயமலைப் பக்கத்து ஒரு விலங்குக்காகப் பிரியபோமிஸ் என்று புதுச் சாதியே வந்தது.

இப்போது எல்லோரும் கையாள்வது அமெரிக்கப் பாலூட்டியியல் சங்கத்தின் பாலூட்டிப் பல்வகைமைத் தரவுத்தளம். காசில்லை, முழுப் பட்டியலையும் ஒரே கோப்பாக இறக்கலாம். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பதிப்பு எண் இருக்கிறது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இறக்கிய கோப்பைத் தனியாக வைத்துவிட்டு ஆய்வு முடியும்வரை அதைப் புதுப்பிக்காதீர்கள். நடுவில் புதுப் பதிப்பு வந்தால் கடைசி அத்தியாயத்தில் ஒரு பத்தி எழுதினால் போதும், அட்டவணையைத் தொடக்கூடாது.

பொறி: சிவப்புப் பட்டியலும் காசில்லாமல் கிடைப்பதால் பலர் அதையே இனப் பட்டியலாக எடுக்கிறார்கள். அது அழிவு நிலையைச் சொல்லுகிற பட்டியல். மதிப்பிடப்பட்ட ஆண்டிலேயே பெயர்கள் நின்றுவிடும். நிலையை அங்கிருந்து எடுங்கள், பெயரை எடுக்காதீர்கள்.

2. தமிழ்ச் சொற்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

எங்கள் உயர்தர உயிரியல் புத்தகத்தில் படித்தது வருணம், குடும்பம், சாதி, இனம். தமிழ்நாட்டுப் புத்தகங்களிலும் இணையத்திலும் வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று வரும். இரண்டையும் கலந்தால் வாசிக்கிறவருக்குப் பேரினம் ஒரு பெரிய இனம் போலத் தோன்றும். நான் இங்கே எங்கள் சொற்களையே எழுதுகிறேன். நீங்கள் எதை எடுத்தாலும் முதல் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், எனக்கு ஒரு முழு நாளை எடுத்தது. டெரோமிஸ் என்று நாம் உச்சரிக்கிற சாதிப் பெயரின் முன்னால் ஆங்கில எழுத்தில் ஒலிக்காத ‘பி’ இருக்கிறது. அது இல்லாமல் தேடினால் ஒன்றுமே வராது.

3. ‘சின்னது’ என்றால் எது என்று கோடு போடுங்கள்

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள், ஏனென்றால் தலைப்பே இதில்தான் தங்கியிருக்கிறது.

அணில் குடும்பத்துக்குள் பறக்கும் அணில்கள் எல்லாம் டெரோமயினி என்ற ஒரே பிரிவு. அதை இரண்டு உபபிரிவாக்குவார்கள். ஒன்று குளோகோமயினா, அதற்குள் குளோகோமிஸ், இயோகுளோகோமிஸ், ஹைலோபெட்டிஸ், பெட்டினோமிஸ், பெட்டோரில்லஸ், அயோமிஸ். மற்றது டெரோமயினா, அதற்குள் பெட்டோரிஸ்டா போன்ற பெரியவை. இதைப் பார்த்தவுடன் சின்னதெல்லாம் முதல் பெட்டி, பெரியதெல்லாம் இரண்டாம் பெட்டி என்று நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் சைபீரியாவிலும் பின்லாந்திலும் இருக்கிற டெரோமிஸ் உள்ளங்கையில் அடங்கக்கூடிய விலங்கு, அது இருப்பது இரண்டாம் பெட்டியில். கால் பாதத்தில் நீள மயிர் வளர்கிற பெலோமிஸும் பெரிய விலங்கில்லை, அதுவும் இரண்டாம் பெட்டி. மறுபக்கம், எங்கள் தீவில் இருக்கிற பெட்டினோமிஸ் முதல் பெட்டிதான், ஆனால் தலையும் உடலும் மட்டும் 30 சென்டிமீட்டர் அளவு வரும்.

அதனால் உங்களுக்கு இரண்டு வழி. உருவத்தை வைத்துச் சின்னது என்கிறீர்களா, அப்படியென்றால் இத்தனை சென்டிமீட்டருக்குக் கீழ் என்று அளவைச் சொல்லுங்கள். பரம்பரையை வைத்துச் சொல்கிறீர்களா, அப்படியென்றால் குளோகோமயினா என்று எழுதுங்கள், ‘சின்ன’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். இரண்டாவது வழிதான் நல்லது என்பது என் முடிவு.

4. சாதி சாதியாகப் போங்கள்

இனத்தில் தொடங்காதீர்கள். ஒரு சாதிக்கு ஒரு தாள் வையுங்கள், நான் பெரிய சதுரக் கோட்டுக் கொப்பி ஒன்றை வைத்திருந்தேன். ஒவ்வொரு தாளிலும் எங்கே இருக்கிறது, எத்தனை இனம், எந்த அடையாளத்தை வைத்துப் பிரிக்கிறார்கள், எந்தப் பெயர் எங்கிருந்து எங்கே மாறியது என்று நான்கு கேள்வி. நான்காவது கேள்வியை விட்டதால்தான் என் வரைவு திரும்பி வந்தது.

குளோகோமிஸில் தொடங்குங்கள். வட அமெரிக்காவில் நிறையப் படித்த விலங்கு, அடையாளமும் தெளிவு. தெற்கு இனத்தின் வயிற்று மயிர் அடிவரை வெள்ளை, வடக்கு இனத்தின் வயிற்று மயிரை ஊதிப் பிரித்தால் அடி சாம்பல். ஒரு அடையாளம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று இதில் படித்துக்கொள்ளலாம். அப்புறம் 2017இல் பிரிந்த மூன்றாவது இனத்தைப் பாருங்கள். கொஞ்சம் சின்னது, கொஞ்சம் கருமை, அவ்வளவுதான் வெளியே தெரிவது. கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசமும் மரபணு வித்தியாசமும் ஒரே அளவில் இருக்கத் தேவையில்லை என்பது அங்கேயே புரியும்.

பெட்டோரில்லஸ் மிகச் சின்னது. உடல் 10 சென்டிமீட்டருக்கும் குறைவு, சுண்டெலி அளவு என்று சொல்லலாம். மூன்று இனம், இரண்டு போர்னியோவில், ஒன்று மலேசியாவின் செலாங்கூரில். கிடைக்கிற தகவல் குறைவு என்பதால் இந்தத் தாள் பாதி வெறுமையாகவே இருக்கும். நிரப்ப வேண்டும் என்று எதையாவது எழுதாதீர்கள்.

அயோமிஸ் இரண்டு இனம், மலாயா, சுமாத்திரா, யாவா, போர்னியோப் பக்கம் ஒன்று, மெந்தாவாய்த் தீவுகளில் மற்றது. இயோகுளோகோமிஸ் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், காஷ்மீர்ப் பக்கம். பழைய இந்தியக் கட்டுரைகளில் இதை ஹைலோபெட்டிஸ் என்றே போட்டிருப்பார்கள், குழம்பாதீர்கள்.

கஷ்டம் முழுவதும் ஹைலோபெட்டிஸிலும் பெட்டினோமிஸிலும்தான். இரண்டும் தென்கிழக்காசியாவில் பரந்திருப்பவை. வெளித்தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்தவை. சாதியைப் பிரிப்பதற்குப் பார்ப்பது மண்டையோட்டின் அடியில் காதுப் பக்கம் இருக்கிற எலும்புக் குமிழை. பெட்டினோமிஸில் அதன் உள்ளே தேன்கூடு போலச் சின்னச் சின்னத் தடுப்புகள் நிறைய, ஹைலோபெட்டிஸில் தடுப்புகள் குறைவு. அதாவது உயிரோடு மரத்தில் இருக்கிறதைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. சாகிட்டா என்ற இனப்பெயர் 2005 பட்டியலில் பெட்டினோமிஸுக்குள் இருக்கிறது, பிந்திய பட்டியலில் ஹைலோபெட்டிஸுக்குள். நான் இரண்டிலும் எண்ணினேன். நீங்கள் இனப்பெயரை மட்டும் அகர வரிசையில் அடுக்கிப் பாருங்கள், ஒரே சொல் இரண்டு சாதியில் வந்தால் அது இடம் மாறிய பெயரா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

5. போலிகளை வெட்டுங்கள்

‘சின்னப் பறக்கும் அணில்’ என்று காணொளிகளில் வருவதில் நிறைய, வீட்டில் வளர்க்கிற சுகர் கிளைடர். அது அவுஸ்திரேலியப் பக்கத்து, குட்டியைப் பையில் சுமக்கிற விலங்கு, கங்காருவுக்குத்தான் சொந்தம். தென்கிழக்காசியாவின் கொலுகோ தனி வருணம், காற்றில் மிதந்து தாவ உதவுகிற அதன் தோல் விரல் நுனியையும் வால் நுனியையும் சேர்த்து மூடும். ஆபிரிக்காவின் செதில்வால் அணில் கொறிணிதான், ஆனால் அணில் குடும்பமில்லை. அதன் தோலைத் தாங்குகிற குருத்தெலும்புக் கம்பி முழங்கையில் இருந்து வரும். பறக்கும் அணிலுக்கு மணிக்கட்டில் இருந்து வரும். படம் கிடைத்தால் முதலில் அந்தக் கம்பி எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்.

6. மண்டையோடு பார்க்க வேண்டுமா, கடிதத்தோடு போங்கள்

கொழும்பில் தேசிய அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பகுதி இருக்கிறது. எங்கே போனாலும் காட்சிக் கூடத்தைப் பார்ப்பது வேறு, சேகரிப்பில் இருக்கிற மாதிரியைக் கையில் எடுத்து அளப்பது வேறு. நான் ஒரு இடத்துக்குக் கடிதமில்லாமல், மாணவர் அட்டை போதும் என்று நினைத்து இரவு பஸ்ஸில் போனேன். வாசலிலேயே திருப்பிவிட்டார்கள், அவர்கள் செய்தது சரிதான். பஸ்ஸுக்கு மட்டும் போக வர 6000 ரூபாவுக்குக் கிட்ட, இரண்டு நாள் வகுப்பும் போனது.

கொண்டுபோக வேண்டியவை: துறைத்தலைவர் கையொப்பமிட்ட கடிதம், மேற்பார்வையாளரின் கடிதம், இரண்டு பக்க ஆய்வு முன்மொழிவு, தேசிய அடையாள அட்டையும் அதன் பிரதியும், மாணவர் அட்டைப் பிரதி. எல்லாம் மூன்று செற். கம்பஸைச் சுற்றியிருக்கிற கடைகளிலேயே போட்டோக் கொப்பி எடுத்துவிடுங்கள். கடிதத்தில் எந்த விலங்கு, எந்த அளவு, எத்தனை நாள், படம் எடுப்பீர்களா என்பதெல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும். ‘ஆய்வுக்காக உதவவும்’ என்று பொதுவாக எழுதின கடிதம் மேசை மேசையாகப் போகும். முன்கூட்டியே அனுப்பி, பதில் வந்த பிறகு மட்டும் ரிக்கெட் போடுங்கள். ஒரு மாதமாவது விடுங்கள்.

சாமான் அதிகம் தேவையில்லை. வேணியர் இடுக்கிமானி, சின்ன அடிமட்டம், பென்சில், கையுறை. மண்டையோட்டைப் படமெடுக்கும்போது அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து எடுங்கள், மேலிருந்து, பக்கவாட்டில், கீழிருந்து என்று மூன்று கோணம். கீழிருந்து எடுக்கிறதுதான் காதுக் குமிழுக்குத் தேவை, அதைத்தான் எல்லோரும் மறப்பது. சிட்டையில் இருக்கிற பெயரை அப்படியே எழுதுங்கள், பிழை என்று தெரிந்தாலும். உங்கள் திருத்தம் பக்கத்துப் பத்தியில்.

7. காட்டுக்குப் போக எந்தத் திணைக்களம் என்று முதலில் பாருங்கள்

இலங்கையில் பறக்கும் அணில் இரண்டே இனம். பெரியது பெட்டோரிஸ்டா பிலிப்பென்சிஸ். பெயர் அப்படியென்றாலும் பிலிப்பைன்ஸில் அந்தச் சாதியே இல்லை. மற்றது பெட்டினோமிஸ் பஸ்கோகபில்லஸ், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் இருப்பது, எங்களுடையதை லேயார்டி என்ற உபஇனமாகப் பிரிப்பார்கள். பெட்டினோமிஸின் மற்ற இனங்கள் எல்லாம் மலாயாவில் இருந்து பிலிப்பைன்ஸ் வரை அந்தப் பக்கம். இது ஒன்று மட்டும் கடல் தாண்டி இந்தப் பக்கம் தனியாக இருக்கிறது. அதைப் பார்க்க ஆசைப்படாமல் இருக்க முடியாது.

சிங்களத்தில் பறக்கும் அணிலுக்கு ஹம்பாவா என்று பெயர். லொக்கு ஹம்பாவா பெரியது, ஹீன் ஹம்பாவா சின்னது. ஈர வலயக் காட்டோரக் கிராமங்களில் நீங்கள் அணில் என்று எந்த மொழியில் கேட்டாலும் பகல் அணிலைத்தான் காட்டுவார்கள். இந்த ஒரு சொல்லைப் பாடமாக்குங்கள்.

அனுமதியில் எல்லோரும் விழுகிற குழி: எல்லாக் காடும் வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் இல்லை. ஹோட்டன் சமவெளி அவர்களுடையது, சிங்கராஜா வன இலாகாவுடையது. தலைமை அலுவலகம் இரண்டும் பத்தரமுல்லைதான், ஆனால் விண்ணப்பம் வேறு வேறு. வெறுமனே நின்று பார்ப்பதற்கு நுழைவுச் சீட்டுப் போதும். ஆய்வு என்று தரவு எடுக்கப் போனால் ஆய்வு அனுமதி வேண்டும், மயிரோ வேறு மாதிரியோ எடுப்பதென்றால் அதையும் விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும். பகல் சீட்டோடு இரவில் உள்ளே நிற்க முடியாது. இரவு விலங்கைத் தேடுகிறவருக்கு இதுதான் முக்கியம். முதல் தடவையென்றால் காட்டுக்கு வெளியே, எல்லையோரமாகத் தங்கி, உள்ளூர் வழிகாட்டியோடு பாதையில் இருந்து பாருங்கள். ஆய்வு அனுமதிக்கு நான்கு மாதம் முன்னதாகவே எழுதுங்கள், ஏனென்றால் ஒரு தாள் குறைந்தாலும் கடிதம் திரும்ப யாழ்ப்பாணம் வந்து போக வேண்டும்.

8. இரவில் எதைப் பார்ப்பது

ரோச் லைட்டின் கண்ணாடியில் சிவப்புத் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். கண் மின்னியதும் லைட்டை நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் விலக்கிப் பிடியுங்கள், இல்லையென்றால் விலங்கு உறைந்து நிற்கும், நீங்கள் பார்க்க வந்த அசைவு ஒன்றும் கிடைக்காது.

வாலைப் பாருங்கள். பெரியதின் வால் உருண்டை, உடலைவிட நீளம். சின்னதின் வால் தட்டை, மயிர் இரண்டு பக்கமும் இறகு போலப் பிரிந்திருக்கும், உடல் நீளத்தை மிஞ்சாது. உயரத்தில் இருக்கும்போது பருமனை நம்பக்கூடாது, ஒரு பெரியதின் குட்டியைச் சின்னது என்று எழுதின குறிப்பு என் கொப்பியிலேயே இருந்தது, பிறகு வெட்டினேன். வால் தெரியவில்லையென்றால் ‘பறக்கும் அணில், இனம் தெரியாது’ என்று எழுதுங்கள். அது முழுமையான பதிவு.

காலம்: தை முதல் பங்குனி வரை ஈர வலயத்தில் ஓரளவு காய்வு. வைகாசியில் தென்மேல் மழை தொடங்கினால் இரவு முழுக்க இலைச் சத்தம்தான். எந்த மாதமானாலும் அட்டை கடிக்காமல் இருக்கப் போடுகிற காலுறை வேண்டும்.

9. மரபணுத் தரவை எடுக்கும்போது

மரபணு வரிசைகளைப் பொதுவில் வைக்கிற தரவுத்தளமான ஜென்பாங்கில் எல்லாம் காசில்லாமல் கிடைக்கும். சைட்டோகுரோம் பி மரபணுவுக்கு நிறையப் பதிவு இருக்கிறது, எது எதற்கு நெருங்கிய உறவு என்று காட்டுகிற மர வரைபடம் போட அதுவே போதும். ஆனால் அங்கே பெயர் பதிந்தவர் அன்று எழுதின பெயர். பழைய சாதிப் பெயர் அப்படியே கிடக்கும். ஒவ்வொரு வரிசையையும் முதலாம் படியில் எடுத்த உங்கள் பட்டியலோடு ஒப்பிட்டு, பதிவு எண்ணுக்கு எதிரே புதுப் பெயரை எழுதுங்கள். அருங்காட்சியக மாதிரி எண் இருக்கிற வரிசையை முதலில் எடுங்கள், அது இல்லாததை இனம் உறுதியில்லாத வரிசையாகவே வையுங்கள். ஒரு இனத்துக்கு ஒரே ஒரு வரிசைதான் இருக்கிறதென்றால் அதை வைத்து ‘இந்த இனம் தனிக் கிளை’ என்று எழுதிவிடாதீர்கள்.

10. செலவும் கால ஒழுங்கும்

வீட்டில் இருந்து செய்கிற பகுதிக்கு, அதாவது 1 முதல் 5 வரையும் 9உம், டேற்றாக் காசு மட்டும்தான். இரண்டு மாதம் கொடுங்கள். காசு போவது பயணத்திலும் தங்குமிடத்திலும். அதனால் கொழும்பையும் காட்டையும் ஒரே பயணமாகச் சேர்த்துப் போடுங்கள், அருங்காட்சியகத்துக்கு வேலை நாள் இரண்டு, அதன் பின் காட்டோரம் மூன்று இரவு. இரண்டு பேராகப் போனால் வழிகாட்டிக் கூலியும் அறையும் பாதி.

மாசியில் காட்டுக்குப் போவதென்றால் ஐப்பசியிலேயே இரண்டு இடத்துக்கும் கடிதம் போய்விட வேண்டும். கடிதங்கள் பதிலுக்குக் காத்திருக்கிற கார்த்திகையிலும் மார்கழியிலும் சாதித் தாள்களை முடியுங்கள். தையில் பெயர் ஒப்பீடு. பங்குனியில் எழுதத் தொடங்கும்போது கடைசியாக ஒரு வேலை: தேசிய சிவப்புப் பட்டியலையும் உலகச் சிவப்புப் பட்டியலையும் பக்கம் பக்கமாக வைத்து இலங்கை இனங்கள் இரண்டின் நிலையையும் ஆண்டோடு எழுதுங்கள். பெட்டினோமிஸ் பஸ்கோகபில்லஸ் உலகப் பட்டியலில் அச்சுறுத்தலுக்கு அண்மித்தது. நாட்டுப் பட்டியலின் நிலை அதே போல இருக்கும் என்று நினைத்து ஒன்றை மட்டும் போட்டுவிடாதீர்கள், வாய்மொழித் தேர்வில் என்னிடம் முதலில் கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.